இரண்டு புள்ளி வந்தால் முதல் பக்கம்

ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதி வைப்பவர்களை நான் மன்னிப்பதே இல்லை. இது தொழில் புத்தி. மற்றவர்கள் எழுதிய புரோகிராமைப் படித்துக் குறை சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். (வீட்டில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்பது என் மனைவியின் கட்சி.) எழுதியதையே திரும்ப எழுதினால் அது சோம்பேறித்தனம். திரும்ப எழுதும்போது நைசாக ஓர் இடத்தை மட்டும் மாற்றிவிட்டு, மாற்றியதாக ஓரத்தில் ஒரு குறிப்புகூடப் போடாமல் போனால் அது அயோக்கியத்தனம். ஐரோப்பாவில் தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு பியானோவுக்கு சொனாட்டா எழுதிய ஒரு பெரிய மனிதர் இதைத்தான் செய்தார். செய்துவிட்டு நிம்மதியாகச் செத்தும் போனார். மாட்டிக்கொண்டது செகந்திராபாத்தில் நான்.

ஹைதராபாத்தில் ஐ.டி. கொடிகட்டிப் பறந்த காலம். கரூரிலிருந்து வந்த நாங்கள் செகந்திராபாத் லோத்குண்டாவில் கடனுக்கு ஃபிளாட் வாங்கியிருந்தோம். எங்கள் அபார்ட்மெண்டில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, அந்தக் கீபோர்டைக் கண்டாலே ஓடும் ஒரு குழந்தை என்பது கணக்கு. எங்கள் பெண் கயல் மட்டும் ஓடவில்லை. பதினொரு வயது. தமிழில் கேட்டால் கையில் எந்த மொழி கிடைக்கிறதோ அதில் பதில் சொல்வாள். ஆனால் பியானோ என்றால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள்.

சொல்லிக்கொடுத்தவர் பத்மினி மிஸ். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். தாத்தா கண்டோன்மெண்டுக்குக் காய்கறி சப்ளை செய்தவராம். துரைமார்கள் மூட்டை கட்டியபோது எல்லோரும் ஏலத்தில் நாற்காலி, அலமாரி எடுக்க, அவர் மட்டும் பியானோவை எடுத்துவிட்டார். பேத்தி அதில் உட்கார்ந்து ஊர்க் குழந்தைகளை மிரட்டிக்கொண்டிருந்தார். மிஸ்ஸின் தமிழில் பாதி ஊர் உருது: வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

அந்த வருஷக் கச்சேரியில் கயல் ஒரு சொனாட்டாவின் முதல் பகுதியை வாசிக்க வேண்டும். போன வருஷம் நடுவில் ஒரு ஸ்வரம் தப்பிப்போய் அப்படியே நின்றுவிட்டாள், மேடையிலேயே அழுகை. பியானோ பரீட்சைக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்று மிஸ் சொல்லிவிட்டார். இந்த வருஷமும் எச்சரிக்கை வந்தது.

"தப்பு வந்தா வரட்டும். நிக்கக் கூடாது. பேப்பரைப் பார்த்து போய்ட்டே இருக்கணும். இந்த வாட்டியும் நின்னேன்னா பரீட்சை நக்கோ. புரிஞ்சுதா?"

"எஸ் மிஸ்" என்றாள் கயல். அன்றிலிருந்து வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட நிற்காமல் சாப்பிட்டாள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: பக்கத்தில் நின்று தாள் திருப்புவது. இசை தெரியாதவனுக்கு மிஸ் ஒரே ஒரு விதி சொன்னார். ஒரு பக்கத்தின் கடைசியில் தடித்த கோடும் அதன் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளியும் வந்தால், முதல் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். அவள் மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசிப்பாள். எனக்கு மகிழ்ச்சி. இதைத்தானே நான் ஆபீஸில் லூப் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் ஐந்து தாள்கள். முதல் இரண்டில் இரண்டு ட்யூன்கள், கடைசியில் அந்தப் புள்ளிகள். மூன்றாவது தாளில் அதே ட்யூன்கள் துண்டு துண்டாகிக் கண்ட இடத்தில் அலையும். நாலாவது தாளைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. முதல் தாளில் இருந்ததே அச்சு அசலாக மறுபடியும் இருந்தது.

"என்ன கயலு, இந்தாளு எழுதினதையே எழுதியிருக்கான்?"

"அப்படித்தான்பா இருக்கும். மெயின் ட்யூன் கம்ஸ் பேக்."

"இதுக்கு எதுக்கு ரெண்டு தாள் தண்டம்?"

"அப்பா, ப்ளீஸ்."

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என் மனைவி சுமதி பட்டுப்புடவையோடு முன்னாலேயே ஆட்டோவில் போய்விட்டாள். நானும் கயலும் ஸ்கூட்டரில். தாள்களைப் பைண்ட் பண்ணச் சொல்லியிருந்தார் மிஸ். பைண்ட் பண்ணினால் திருப்ப வராது என்று நான்தான் உதிரியாக ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். கண்டோன்மெண்ட் சுவரை ஒட்டிப் போகும்போது எதிரில் ஒரு லாரி. அடித்த காற்றில் ஃபைல் திறந்துகொண்டது. மூன்று தாளைக் கயல் அமுக்கிப் பிடித்தாள். கடைசி இரண்டும் எழும்பி, முள்கம்பியைத் தாண்டி, இந்திய ராணுவத்தின் நிலத்தில் போய் இறங்கின.

கேட்டில் நின்ற சிப்பாய் நடந்து போய் அவற்றைப் பொறுக்கினார். பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். ஐந்து கோடுகள், அவற்றின் மேல் வால் முளைத்த கறுப்புப் புள்ளிகள். முகம் மாறிவிட்டது. இது என்ன சங்கேத மொழி என்று ஹிந்தியில் கேட்டார்.

"மியூசிக் ஹை, பாயி சாப்" என்றேன்.

பாட்டு என்றால் பாடிக் காட்டு என்றார்.

என் குரலை அறிந்தவர்கள் இந்த இடத்தில் என்மேல் இரக்கப்பட வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு தனனா என்று ஆரம்பித்தேன். அந்த மனிதரின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. சுபேதார் சாப் ராத்திரி வருவார், அவரிடம் கேட்டு வாங்கிக்கொள் என்று தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். (ஒரு நாட்டின் பாதுகாப்பு எப்படிப்பட்டவர்கள் கையில் இருக்கிறது பாருங்கள். சரியான கையில்தான் என்று சுமதி சொல்வாள்.)

"மிஸ்ஸுக்கு போன் பண்ணலாம்பா" என்றாள் கயல்.

"எதுக்கு, பைண்ட் பண்ணலையான்னு கேக்கறதுக்கா? உனக்கு மனப்பாடமா வருமா?"

"நோ. பேப்பர் இல்லேன்னா ஐ வில் ஸ்டாப்." கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போதுதான் என் தொழில் மூளை விழித்துக்கொண்டது. நாலும் ஐந்தும், ஒன்றும் இரண்டும்தானே? திறந்திருந்த ஒரு கடையில் முதல் இரண்டு தாளையும் ஜெராக்ஸ் போட்டு, மூன்றுக்குப் பின்னால் செருகினேன்.

"அப்பா, லாஸ்ட்ல ஏதோ டிஃபரெண்ட்டா வரும். வாசிச்சா தெரியும், சொல்லத் தெரியல."

"நான் ரிவ்யூ பண்ணியாச்சு கண்ணு. ஏறு வண்டியில."

ஒரு பழைய கிளப்பின் ஹால். இரண்டாவது வரிசையில் சுமதி. அவளுக்குப் பின்னால் என் மேனேஜர் வேணு. அவர் பையனும் அங்கே மாணவன். மூலையில் பத்மினி மிஸ், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு.

கயல் அற்புதமாக ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கம் முடிந்தது, புள்ளி வந்தது, ராஜகம்பீரமாக முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். மறுபடி வாசித்தாள். மூன்றாம் பக்கம் அலைந்து திரிந்து முடிந்தது. நாலாவது, அதாவது என் பக்கம். பழைய ட்யூன் திரும்பி வந்ததும் சபையில் ஒரு தலையாட்டல். பார்த்தீர்களா என்பதுபோல் நான் வேணுவைப் பார்த்தேன்.

ஐந்தாம் பக்கத்தில் அவள் விரல் தயங்கியது. தினமும் வீட்டுக்கு வருகிற ஆபீஸ் கார் டிரைவரைத் திடீரென்று அடுத்த தெருவில் திருப்பச் சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசிப்பாரே, அந்த மாதிரி. பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நிற்கக் கூடாது என்பது ஞாபகம் வர, பேப்பரில் இருந்ததையே வாசித்து முடித்தாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. இசை தெரியாத எனக்கே தெரிந்தது, இது முடிவில்லை. ஒருவர் "அப்புறம்..." என்று சொல்லிவிட்டு வாயை மூடாமல் நிற்பது மாதிரி இருந்தது. பக்கத்தின் அடியில் பார்த்தேன். தடித்த கோடு. இரண்டு புள்ளி. அதையும் சேர்த்துத்தான் ஜெராக்ஸ் போட்டிருந்தேன்.

பயந்துபோன மனிதனுக்கு விதிமுறையைத் தவிர வேறு துணை கிடையாது. முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.

கயல் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். ஆனால் நிற்கக் கூடாதே. ஆரம்பத்திலிருந்து வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் மறுபடி புள்ளி. இந்தச் சுற்றுக்கு என்ன விதி என்று மிஸ் சொல்லித் தொலையவில்லை. திருப்பினேன். அடுத்து வாசிக்க வேண்டிய குழந்தை கொட்டாவி விட்டது. சுமதி கையால் வெட்டுவது போல் சைகை காட்டினாள். சொனாட்டாவையா என்னையா என்று புரியவில்லை. மறுபடி மூன்று, நாலு, ஐந்து. மறுபடி அதே "அப்புறம்...". மறுபடி இரண்டு புள்ளி. என் தொழிலில் இதற்கு ஒரே மருந்து பிளக்கைப் பிடுங்குவது. அந்தப் பியானோ செகந்திராபாத்துக்குக் கரண்ட் வருவதற்கு முன்னால் செய்தது.

என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கயல் கடைசிக் கட்டையையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"அப்பா, கோ."

"எங்க கண்ணு?"

"தள்ளிப் போங்கப்பா."

நான் விலகினேன். அவள் இடது கையால் ஃபைலை மூடினாள். வெறும் கட்டையைப் பார்த்தபடி இரண்டாவது ட்யூனை எடுத்தாள். பேப்பர் இல்லை, தடுமாற்றமும் இல்லை. அதே ட்யூன்தான், ஆனால் கொஞ்சம் இறங்கிய இடத்தில். கடைசி ஸ்வரம் விழுந்தபோது முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹாலே எழுந்து கைதட்டியது. (அதில் பாதி விடுதலையானவர்களின் கைதட்டல் என்பதை நான் அறிவேன்.)

வேணு என் காதருகே வந்து, "ஏமி செந்தில், எக்ஸிட் கண்டிஷன் பெட்டலேதா?" என்றார். லூப்பை விட்டு வெளியே வர வழி வைக்கவில்லையா என்று கேட்கிறார். திங்கட்கிழமை லிஃப்ட்மேன் வரை கேட்டார்கள்.

பத்மினி மிஸ் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்.

"கைக்கு இப்படிப் பண்ணீங்க?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே மிஸ் இருந்துச்சு?" என் குரலில் நியாயமான கோபம் இருந்தது.

"ஹவ், ஒரே மாதிரிதான். மொதல்ல ரெண்டாவது ட்யூன் ஜி மேஜருக்குப் போய்டும். பக்கத்து வீடுன்னு வெச்சுக்குங்க. கடைசில அதே ட்யூன் சி மேஜருக்கு வரணும், நம்ம வீட்டுக்கு. அது வந்து சேரத்தான் இத்தனை தாளும். நீங்க புள்ளையைப் பக்கத்து வீட்டு வாசல்லயே ரெண்டு வாட்டி விட்டுட்டு வந்துட்டீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கயல் பக்கம் திரும்பினார். "பரீட்சைக்குப் பேர் குடுக்கறேன். நீ நிக்கல. உன்னை நிறுத்தவும் முடியல. ஆனா தாள் திருப்ப அப்பா நக்கோ."

கயல் சிரித்தாள். பரீட்சைக்கு சுமதியோடு போனாள், பாஸும் ஆனாள். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தப் பொய்முடிக்காரர் என் டீமில் இருந்திருந்தால் அந்த வருஷம் இன்கிரிமெண்ட் கிடைத்திருக்காது. "இங்கே மட்டும் மாற்றியிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மேற்கத்திய இசையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத சுமதி, அன்றைக்கு மிஸ் சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். பால் வாங்கப் போய்ப் பேசிக்கொண்டு நின்றால், அடுத்த வருஷம் கரூருக்கே போய்விடலாம் என்று நான் வருஷா வருஷம் அறிவித்தால், அவளிடமிருந்து அதுதான் வரும். கயல் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளும் போனில் முதலில் கேட்பது அதைத்தான்.

போன வாரம் அந்தக் கண்டோன்மெண்ட் சுவர் ஓரமாக வந்தேன். வண்டி தானாக நின்றது. என் பெண்ணின் உண்மையான கடைசிப் பக்கம் உள்ளே ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்பது என் நம்பிக்கை. புதுச் சிப்பாய் கையை ஆட்டிப் போகச் சொன்னார். அதற்குள் போன் அடித்தது.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?"

"அந்த மிலிட்டரி செவுத்துகிட்ட."

"அதானே பார்த்தேன். ஜி மேஜர்ல நின்னது போதும், தோசை ஆறுது, வந்து சேருங்க."