பூனையும் நாயுமாகப் பெய்த மழை

உலகத்தில் உள்ள அத்தனை இங்கிலீஷ் மரபுத்தொடர்களும் புதுச்சேரியில்தான் பிறந்தன என்று அடித்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் வொலா. நெல்லித்தோப்பில் நான் வேலை பார்த்த சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் அவர் கைடு. ஒவ்வொரு கதை முடிந்ததும் இரண்டு கையையும் விரித்து, "வொலா!" என்பார். பிரெஞ்சில் அதற்கு 'இதோ பாருங்கள்' என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் 'நம்பினால் நம்புங்கள்' என்று அர்த்தம்.

கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவதை 'கோல்டு ஃபீட்' என்கிறார்களே, அது எப்படி வந்தது? மாதா கோயிலில் செருப்பில்லாமல் நின்ற ஒரு மாப்பிள்ளைக்குக் கல்தரை சில்லிட்டுப்போய், தாலி கட்டுவதற்கு முன்பே முதலியார்பேட்டை வரை ஓடிவிட்டானாம். வொலா!

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, 'கைடு வாயைத் திறந்தால் பொய்' என்று யாரோ நெட்டில் எழுதிவிட்டார்கள். ஓனர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கி நீ கூடப் போ. அவர் சொல்றதெல்லாம் நெசமான்னு பாத்து எழுதிக் குடு. ஒரு பொய் இருந்தாலும் நாளையிலேர்ந்து அவர் வரவேணாம்."

வொலாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. நோட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். திருடப் போவதுபோல் இருந்தது.

அன்று வந்தவர் மதுரையிலிருந்து ஓர் அம்மாள். ரிட்டயரான இங்கிலீஷ் பேராசிரியை! கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பழைய வீட்டின் முகப்பில் மூவரும் ஒதுங்கினோம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, தெரு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஒருநாள் இவர் வாயைத் திறக்காமல் இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். திறந்தார்.

"மேடம், மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுனா ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்னு சொல்றாங்களே, அது பொறந்தது இதே தெருவுலதான். வெள்ளக்காரன் ஒருத்தன் கொடை புடிச்சிக்கினு போறான். கூரை மேல படுத்திருந்த பூனையும் நாயும் சறுக்கி அவன் கொடை மேலயே வுழுந்துச்சி. ஊருக்குப் போயி சொல்லிட்டான். வொலா!"

"நான் முப்பது வருஷம் இங்கிலீஷ் எடுத்திருக்கேன்" என்றார் அந்த அம்மாள். "கூரையிலருந்து விழுந்ததுன்னு ஒரு கதை இருக்கு, தெருவெள்ளத்துல செத்து மிதந்ததுன்னு ஒரு கதை இருக்கு. எதுக்கும் ஆதாரம் கிடையாது. அது எப்படி வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது."

"யாருக்குமே தெரியாதுன்னா, நான் சொல்றது பொய்னு மட்டும் எப்படி மேடம் தெரியும்?"

அம்மாள் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "சரி, உங்களுக்கு யாரு சொன்னா?"

வொலா கூரைத் தண்ணீரில் கையை நீட்டி நனைத்துக்கொண்டே இருந்தார்.

"தவளக்குப்பத்துல எங்க வூடு மேடம். ஒரு புயல்ல கூரை பிச்சிக்கினு போச்சி. நான் சொவத்தோரமா குந்திக்கினு இருக்கேன், பொத்துன்னு மடியில என்னமோ வுழுது. பாத்தா, பூனைக்குட்டி. அதுவும் நடுங்குது, நானும் நடுங்குறேன். மழை விடற வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்கினு இருந்தோம். அப்பறம்தான் நெனச்சேன், இங்கிலீஷ்காரன் சும்மா சொல்லல. எவனோ ஒருத்தன் மடியில வுழுந்திருக்கு."

கையை விரிக்கவில்லை. "வொலா!" என்றும் சொல்லவில்லை.

"அந்தப் பூனை?" என்றார் அம்மாள் மெதுவாக.

"வூட்லதான் இருக்குது. மழை வந்தா இன்னும் என் மடிதான் வேணும் அதுக்கு."

சாயங்காலம் ஓனரிடம் நோட்டை நீட்டினேன். 'கூடவே இருந்து கேட்டேன். அனைத்தும் உண்மை' என்று எழுதியிருந்தேன்.

"அந்த கோல்டு ஃபீட்டு கூடவா?"

"அதுவுந்தான் சார்."

அந்த வேலையை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. வொலா இன்னும் அங்கேதான் இருக்கிறார். மழை கொட்டினால் ஊரே குடையைத் தேடுகிறது. நான் அவரை நினைத்துக்கொண்டு, மடியைக் காலியாக வைத்து, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.