தாய்மாமன் பெயர் காணாமல் போன விவரம்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை.

விழுப்புரத்தில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் அரங்கநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பொன்னியின் கணவன் விருத்தாசலம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. பொன்னி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகள் மலர்விழி பேசுகிறாள், ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு பெருமூச்சு விடுகிறாள். தாங்களும் வீட்டில் அக்காவும் நல்ல தெம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எத்தனை முறை போன் செய்தாலும் எடுக்காமல் இருப்பதற்குத் தெம்பு வேண்டுமல்லவா?

மலர்விழியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லை. முருகனுக்கு அடுத்தபடியாகத் தங்களுக்குத்தான் வைக்க வேண்டும் என்று, அச்சாகி வந்ததை நாங்கள்கூடப் படிக்காமல் தாம்பூலத் தட்டோடு வந்தோம். தாங்கள் பிரித்துப் படித்தீர்கள், திருப்பிப் பார்த்தீர்கள், மடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றீர்கள். நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பொன்னி நடுரோட்டில் நின்று, "எங்க அண்ணன் வந்து நெத்தியில பட்டம் கட்டாம எம்பொண்ணு மணையில ஒக்கார மாட்டா, நீங்களே பார்த்துக்குங்க" என்றாள். ஷேர் ஆட்டோக்காரர் முதற்கொண்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். மயிலம் முருகன் மேல் ஆணையாக இல்லை, மச்சான். எல்லாம் அந்தக் கறுப்புப் பலகை செய்த வேலை. மலர்விழி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குப் படம் வரைந்து கொடுக்கிறாள் அல்லவா, அதற்காக டேப்லெட் என்று ஒன்று வாங்கிக் கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டு இணைத்திருக்கிறாள். பார்ப்பதற்குச் சிலேட்டு மாதிரிதான் இருக்கும். கூடவே மை இல்லாத ஒரு பேனா. எழுதுவது பலகையில், எழுத்து தெரிவது கம்ப்யூட்டரில். அதாவது கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். போதாததற்கு விரல் பட்டாலும் அதற்கு உணர்ச்சி உண்டு. ஒரு விரலால் தள்ளினால் எழுத்து நகரும், இரண்டு விரலை விரித்தால் பெரிதாகும். பத்திரிகையை அச்சுக்கார எழுத்தில் போடாமல் தன் கையாலேயே எழுதுகிறேன் என்று அந்தப் பெண் ஆசைப்பட்டாள். எழுதினாள், முத்து முத்தாக. தங்கள் பெயரையும் எழுதினாள், பட்டப்படிப்போடு.

அன்று அவள் ரவிக்கை அளவு கொடுக்கப் போயிருந்தாள். அச்சகத்திலிருந்து போன்: "சார், மிஷின் காலியா கீது, ஜல்தி அனுப்புங்க." அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்ப்போம் என்று நான் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து பொன்னி, "எங்க அண்ணன் பேரு அதுல கீதான்னு பாருங்க" என்றாள். "இதோ, வந்து பாரேன்" என்று பலகைமேல் பேனாவை ஓட்டித் திரையில் தங்கள் பெயரைக் காட்டினேன். எப்படிக் காட்டினேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்திரப்பதிவு ஆபீசில் இருந்த காலம் முழுக்க யாருடைய பத்திரத்திலும் நான் பேனா முனையை வைத்துக் காட்டியது கிடையாது. மை பட்டுவிடுமே! பேனாவைத் திருப்பிப் பின்பக்கத்தால்தான் காட்டுவேன், அது என் மரியாதை. அந்த மரியாதையைத் தங்கள் பெயருக்கும் செய்தேன். இந்தப் பேனாவுக்குப் பின்பக்கம் ரப்பராம், மச்சான்! மையே இல்லாத பேனாவுக்கு ரப்பர் எதற்கு என்று எந்த மனிதனாவது யோசிப்பானா? பொன்னி வருகிறாளா என்று சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே, "இதோ பாரு, இதோ உங்க அண்ணன்" என்று பெருமையாகத் தேய்த்துத் தேய்த்துக் காட்டியிருக்கிறேன். குக்கர் விசில் அடித்தது, அவள் வரவில்லை. நானும் திரையைப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். மற்ற பெயர்களை நான் காட்டவில்லை, அதனால் அவை பிழைத்தன. மரியாதை கொடுத்த ஒரே பெயர்தான் போயிற்று. இதைச் சொன்னால் பொன்னி, "ஒங்க மரியாதையில நெருப்ப வைக்க" என்கிறாள்.

பழைய பிரதி பத்திரமாக இருக்கிறது, நான் சரிசெய்து தருகிறேன் என்றாள் மலர்விழி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் கையால் போன பெயர் என் கையாலேயே வர வேண்டும், முடியும் வரை நீ எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பலகையோடு நான் பட்ட பேஜாரை எழுதினால் தபால்காரரால் தூக்க முடியாது. உள்ளங்கை பட்டால் பத்திரிகை தபால் தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கையில் பழைய காலுறை ஒன்றை மாட்டிக்கொண்டு எழுதினேன், அதிலும் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. பேனாவை அழுத்தினால் எழுத்து தடிக்குமாம். மூன்று கார்பன் வைத்து எழுதிப் பழகிய கை எனக்கு, முதல் 'அ' பாகற்காய் மாதிரி வந்தது. மெதுவாக எழுதினால் மண்புழு. எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சார் கைக்கு என்னா ஆச்சு, அடிபட்டுட்டுதா?" என்று பொன்னியிடம் விசாரித்தார். அவள் "அடி புத்தியிலங்க" என்றாளாம்.

ஆனால் எழுதிவிட்டேன், மச்சான். தங்கள் பெயரை எழுதிவிட்டேன்! மணப்பெண் பெயரைவிட ஒரு சுற்று பெரிதாக, கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி. புதுப் பத்திரிகை அச்சாகி வந்து, இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் வீடு, மயிலம் சம்பந்தி வீடு எல்லாவற்றுக்கும் நானே நேரில் கொடுத்துவிட்டேன். தங்கள் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்களிடம் நேரில் வர எனக்கு முகம் இல்லை. மலர்விழி பிறந்தபோது முதலில் தூக்கிய கை உங்கள் கை. அந்தக் கைதான் அவளுக்குப் பட்டம் கட்ட வேண்டும். கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண் என்ன செய்தாள்? நீங்கள் இல்லாமல் அவளை மணையில் உட்கார வைத்து ஒரு கல்யாணம் நடத்த எனக்கு மனசு இல்லை, தைரியமும் இல்லை.

அக்காவுக்கு என் கும்பிடு. பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர்ந்து நல்ல படிப்பு படிக்கட்டும். தங்கள் காலில் விழ ஆயத்தமாக இருக்கும்,

விருத்தாசலம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மலர்விழி புதுப் பத்திரிகையை முதல்முறையாகப் பார்த்துவிட்டு, "அப்பா, என்னாப்பா பண்ணி வெச்சிக்கீறீங்க!" என்று அலறினாள். நான் சரிபார்த்தது தங்கள் பெயர் ஒன்றைத்தான். எழுதி முடித்த திருப்தியில் பேனாவைப் பலகையின் மேலேயே உருட்டிவிட்டிருக்கிறேன். அதன் பின்பக்கம் மாப்பிள்ளை அறிவுச்செல்வன் பெயரைத் துடைத்துவிட்டது. கட்டைவிரல் ஓட்டை வழியாகத் தங்கள் பெயரை அந்தக் காலி இடத்துக்கு நானே தள்ளியும் விட்டிருக்கிறேன். இப்போது பத்திரிகையில் 'திருநிறைச்செல்வன் அரங்கநாதன்' என்று இருக்கிறது. தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது நம் பக்கம் வழக்கம்தானே, அதனால் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை; இரண்டு பேர் வாழ்த்துகூடச் சொன்னார்கள். சம்பந்தி வீட்டார் புறப்பட்டு வந்துகொண்டிருப்பதாகத் தகவல். தயவுசெய்து இதை அக்கா கண்ணில் காட்டாமல் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். நீங்கள் வந்து தாய்மாமனாக நின்றால்தான் மாப்பிள்ளை நீங்கள் இல்லை என்று இந்த ஊர் நம்பும்.