மலையுச்சி அலுவலகமும் என் சிக்கனமும்

மனிதகுலம் கண்டுபிடித்த உழைப்பு முறைகளிலேயே உன்னதமானது, அலுவலகத்தை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு மலையேறுவதுதான். அந்த உன்னதத்தை ஒரு மாதத்துக்கு மலேசியாவின் கேமரன் மலையில் நிலைநாட்டியவன் நான், காளியண்ணன், 'குழுப் பயண நிதி அமைச்சர்'. பதவி நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது. மற்ற இருவரில் நஸ்ருல் தொலைபேசியில் காப்புறுதி விற்பவன். துளசி, சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் விளம்பரப் படம் வரைபவள்.

மலை மேலுள்ள தானா ராத்தா டவுனில் நல்ல இணையத்தோடு ஒரு வீடு கிடைத்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் பாதி வாடகையில் இன்னொன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் முருகையாவிடம் போனில் விசாரித்தேன்.

"லைன் எப்படிங்க?"

"நல்ல லைன்ங்க. வெள்ளக்கார துரை காலத்துலேருந்து இருக்கு. இன்னும் ஆடாம அசையாம நிக்குது."

'நிலையான இணைப்பு' என்று இருவருக்கும் அறிவித்து முன்பணம் கட்டினேன். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் புகழ்ந்தது 'லைன்' எனப்படும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை. கைப்பேசியில் ஒரு சிக்னல் கோடுகூட எழவில்லை. ஜன்னலைத் திறந்தால் மட்டும் ஒரே பச்சை.

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குலா," என்றேன்.

"கஸ்டமர்கிட்ட அதச் சொல்லவா அண்ணே?" என்றான் நஸ்ருல்.

ஆகவே தினமும் என் காரில் தானா ராத்தாவுக்கு இறங்கி, கமருஸ்ஸமான் பாயின் சாப்பாட்டுக் கடையில் அலுவலகம் அமைத்தோம். ஆளுக்கொரு தே தாரேக் தேநீர், மாலைவரை நாற்காலி. சில நாள் பொறுத்துப் பார்த்த பாய், "தம்பி, மேசையத் துடைக்கவாவது எந்திரிப்பீங்களா?" என்று கேட்டார். இதை 'உள்ளூர் மக்களுடன் நல்லுறவு' என்று வகைப்படுத்தினேன்.

ஒருநாள் துளசி சொன்னாள்: "அண்ணே, வியாழக்கிழமை காலையில எனக்கு மீட்டிங். வரைஞ்சதைக் காட்டணும். பிடிச்சாத்தான் காண்ட்ராக்ட நீட்டுவாங்க. வெள்ளனவே டவுனுக்குப் போயிரலாம்."

பாய் அவளுக்காக மூலை மேசையை ஒதுக்கிவைத்தார்.

வியாழன் காலை நான் நாட்டு நலன் கருதிச் சிந்தித்தேன். கியா பார்ம், டவுனுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அங்கே ஸ்ட்ராபெர்ரி பறிக்க அன்றைக்குத்தான் சீட்டு எடுத்திருந்தேன். குழுச் சலுகை என்பதால் பணம் திரும்பாது. ஒரே பெட்ரோலில் இரண்டு காரியம்.

"கொஞ்ச நேரந்தான்," என்றேன்.

"வேணாண்ணே. ஸ்கூல் லீவு, ரோடு ஜேம் ஆயிரும்," என்றாள் துளசி.

வாக்கெடுப்பு நடத்தினேன். நஸ்ருல் வாயைத் திறக்கவில்லை. மௌனத்தை ஆதரவாகப் பதிவு செய்தேன்.

பழம் பறித்து வெளியே வந்தபோது சாலையே நின்றிருந்தது. எங்களுக்கு முன்னால் முட்டைக்கோஸ் லோரி, பின்னால் சுற்றுலாப் பேருந்து. துளசி பின்சீட்டிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். மலைக்கு வந்த அத்தனை பேரும் பழத்தைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்ததால் இணையம் முக்கி முனகியது. "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திரையில் அவள் முகம் பாதிச் சொல்லோடு உறைந்தது. என்னால் ஆன உதவியாக ஒரு ஸ்ட்ராபெர்ரியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி கொட்டத் தொடங்கியிருந்த மழையில், அடுத்த ஊரான பிரிஞ்சாங் பக்கம் ஓடினாள்.

நாங்கள் கடையை அடைந்தபோது மூலை மேசையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து விட்டார்களாம். பாய் கொடுத்த துண்டு தோளில் கிடந்தது. தலையைத் துவட்டக்கூட இல்லை.

"வேற ஆளப் பாத்துக்கறாங்களாம்," என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மறுநாள் பஸ் ஏறினாள்.

மாத முடிவில் நிதி அறிக்கை வாசித்தேன். திட்டமிட்டதைவிடச் செலவு குறைவு. பயணம் 'மாபெரும் வெற்றி'. அவையில் நஸ்ருல் மட்டும் இருந்தான்.

"அண்ணே, துளசிக்குப் போன வேல எந்தக் கணக்குல வருது?"

"அது பெர்சனல் செலவுப்பா. குழுவுல சேராது," என்று விளக்கிவிட்டு, மிச்சப் பணத்தை இரண்டு பங்காக வைத்தேன்.

நஸ்ருல் தன் பங்கைத் தொடவில்லை. எனவே உபரி எனக்கு இரட்டிப்பாயிற்று.