தண்ணீர் கேட்ட அம்மை

இந்த வீட்டை விட்டு ஒரு கிருமிகூட வெளியே போகக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு. பெரிய முடிவுகளை நான் பல் விளக்கும்போதுதான் எடுப்பேன். அந்த நேரத்தில் மட்டும்தான் என் மனைவி சுதா குறுக்கே பேசமாட்டாள்.

காரணம் என் மகள் சாமுண்டீஸ்வரி. நாலு வயது. வீட்டில் சாமு. அவள் மூக்குக்குக் கீழே இரண்டு சின்னக் கொப்புளங்கள். ஒன்று உடைந்து, அதன்மேல் காய்ந்த தேன் மாதிரி மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருந்தது. சாமு அந்தப் பொருக்கைச் சுரண்டினாள். சுரண்டிய விரலாலேயே பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

"நைனா, தம்பிப் பாப்பாவத் தூக்கலாம் வா!"

எங்கள் ஊர் தோணிரேவில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய. என் மகள் கூப்பிட்டால் நான் உருகிவிடுவேன். அன்று உருகவில்லை. உறைந்துபோனேன்.

பக்கத்து வீடு என் அண்ணன் துளசிங்கத்தின் வீடு. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாகப் போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், மாலா அண்ணிக்கு இப்போதுதான் ஒரு பையன் பிறந்திருக்கிறான். எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. அந்தப் பிஞ்சுத் தோலில் இந்தக் கொப்புளம் தொற்றினால்?

நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. சும்மா சொல்லவில்லை, அதற்குத் தாலுகா ஆபீஸில் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். படிக்காதவர்கள் நடந்ததற்குப் பயப்படுவார்கள். பட்டதாரி நடக்கப்போவதற்கெல்லாம் பயப்படுவான். நான் பயந்தேன். பயந்துகொண்டே சட்டையை மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் சுதா.

"சாமுவுக்கு ஸ்கூல்ல சேக்க போட்டோ கேட்டாங்க. பொன்னேரி போய் எடுத்துட்டு வரேன்."

"இந்த மூஞ்சியோடவா?"

"ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர் கீது. சரி பண்ணிடுவாங்க."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுதா ஒன்றும் சொல்லாவிட்டால் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாறாக, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் என் அம்மா மணியம்மாள். பிள்ளை உடம்பில் ஒரு பரு தெரிந்தாலும் அம்மாவுக்கு அது அம்மைதான். அம்மைக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது, வேப்பிலைதான். இந்த மாதிரி விஷயத்தில் சுதா எப்போதும் மாமியார் கட்சி.

பொன்னேரியில் டாக்டரம்மா பார்த்தார். சாமு கேட்காமலே முகவாயைத் தூக்கிக் காட்டினாள், கையை விரித்து நகத்தைக் காட்டினாள். என்ன தைரியம், என்னைப் போல இல்லை என்று பெருமைப்பட்டேன்.

"அம்மை இல்லைங்க. தோல்ல வர்ற பாக்டீரியா. ஈஸியா குணமாகும். ஆனா ஈஸியா பரவும்" என்றார் டாக்டரம்மா. வெதுவெதுப்பான தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு, மூன்று வேளை இந்தக் களிம்பு. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். துண்டு, தலையணை உறை, துணிமணி எல்லாம் தனி. வெந்நீரில் துவைக்க வேண்டும். தொட்டவர்கள் கை கழுவ வேண்டும். புண் காய்கிறவரை கைக்குழந்தை பக்கம் போகவே கூடாது. ஆறிவிட்டது மாதிரி தெரிந்தாலும் சொன்ன நாள் வரைக்கும் மருந்தை நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தாலோ புண் பரவினாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

திரும்பும் வழியில் சாமுவுக்கு ஒரு பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். "டாக்டர் ஆன்ட்டியப் பாத்தத யாராண்டயும் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன் நைனா" என்று பழுத்த அரசியல்வாதி மாதிரி தலையாட்டினாள்.

வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

"டேய் கவியரசா! அங்கியே நில்லு. கால கழுவிக்கினு வா" என்றார் அம்மா. "ஆத்தா வந்து கீறா."

"எந்த ஆத்தா?"

"இன்னாடா கேள்வி இது? புள்ள மூஞ்சில முத்துப் போட்டுக் கீறாளே, தெரியல?"

பின்னாலேயே சுதா வந்தாள். முகத்தில் மஞ்சள், நெற்றியில் ரூபாய் அளவுக்குக் குங்குமம். "ஆமாங்க. அத்த பாத்ததும் சொல்லிட்டாங்க."

பாக்டீரியா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஏணி கேட்க வந்தார் எதிர்வீட்டுப் பெரியசாமி மாமா. வேப்பிலையைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வந்த வழியே பின்பக்கமாகவே நடந்து போனார், திரும்பக்கூட இல்லை. சாமுவோடு விளையாட வந்த இரண்டு வாண்டுகளை அவர்கள் அம்மா வந்து இழுத்துப் போனாள். மாலா அண்ணி எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

திறந்த வாயை மூடினேன். மூளை திறந்துகொண்டது.

பாக்டீரியா என்று சொன்னால் இந்தத் தெருவில் யார் ஒதுங்குவார்கள்? அது எப்படி இருக்கும், கொஞ்சம் காட்டு என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வேப்பிலை என்றால் காக்காகூட வராது. நான் தெரு முழுக்கப் பிரச்சாரம் செய்தாலும் கிடைக்காத பாதுகாப்பை ஒரு கொத்து இலை கொடுத்துவிட்டது! ஆகவே அம்மை அம்மையாகவே இருக்கட்டும். நான் ரகசியமாகக் களிம்பு போடுவேன். பக்தி காவல் காக்கும், விஞ்ஞானம் குணமாக்கும். இதைவிட உறுதியாக நான் எதிலும் நின்றதில்லை.

ஒரே ஒரு கவலை. "அம்மைன்னா குளிப்பாட்டக் கூடாதே?" என்றேன் மெதுவாக.

"அது வேற அம்மைங்க" என்றாள் சுதா. "இது தண்ணி கேக்குற அம்மை."

"அப்பிடி ஒண்ணு கீதா?"

சுதா மாமியாரைப் பார்த்தாள். அம்மா ஒரு நொடி விழித்தார். "கீது கீது. எப்பவாவது வரும்."

"வெதுவெதுன்னு தண்ணி கேக்கும். சோப்பு கேக்கும்" என்றாள் சுதா.

"சோப்புமா?"

"நகத்த வெட்டச் சொல்லும். புள்ளயத் தொட்டா கைய கழுவச் சொல்லும். ஒருத்தர் துண்ட இன்னொருத்தர் தொட்டா அதுக்குக் கோவம் வரும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாவம், ஒன்றும் தெரியாமலே இவர்கள் சொல்வதெல்லாம் விஞ்ஞானத்தோடு ஒத்துப்போகிறதே! அதிர்ஷ்டம் என்றால் இதுதான்.

"அப்புறம் பெத்தவரு வாசலத் தாண்டக் கூடாது."

சிரிப்பு நின்றது. "எனக்கு வேல கீதே?"

"ஆத்தாவ விட வேல பெருசா?"

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் எனக்கு வேலை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். கை உடைந்தபோது எக்ஸ்ரேவைக் கேட்டவர் அவர். அம்மை என்றதும், "ஐயையோ, நானே கூப்புடுற வரிக்கும் வராத. போனையும் கொஞ்சம் தள்ளி வச்சிப் பேசு" என்றார்.

அன்றிலிருந்து ஆத்தாவின் கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் என்மேல். சாமுவின் பாவாடை, சட்டை, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் தினமும் அண்டாவில் போட்டு வேகவைக்க வேண்டும். வேகவைப்பது பெற்றவனாம். முன்வாசலில் அடுப்புக் கூட்டி, கோலால் கிண்டிக்கொண்டு, கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி நின்றேன். என் துண்டைப் பிடுங்கி அதே அண்டாவில் போட்டாள் சுதா. அந்தத் துண்டு என் உடம்பில் ஒரு உறுப்பு. முகம் துடைக்க, பஸ் சீட்டுத் துடைக்க, சாமுவுக்குச் சளி பிடித்தால் மூக்குத் துடைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். தோள் வெறுமையாக, ஒரு கை குறைந்த மாதிரி திரிந்தேன்.

அதைக்கூடப் பொறுத்தேன். ஆனால் மீன்?

"அம்மை வந்த வூட்ல மீனா? வாயக் கழுவு" என்றார் அம்மா.

மோர்ச் சோறு, வெங்காயம். மறுநாள் கேழ்வரகுக் கூழ், வெங்காயம். அதற்கும் மறுநாள் மோர்ச் சோறுதான், வெங்காயம் மட்டும் சின்னது. எங்கள் பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அண்ணனுக்குச் சரியாக அந்த வாரம்தான் பாடு வர வேண்டுமா? மடவையும் இறாலுமாக அள்ளிக்கொண்டு வந்தான். மத்தியானம் ஆனால் குழம்பு வாசனை சுவர் ஏறிக் குதித்து வந்து என் மோர்ச் சோற்றின் எதிரே உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் வாசனை எங்கள் வீட்டுப் பின்பக்கமிருந்தே வருகிற மாதிரி இருந்தது. பசியில் திசை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மதியம்தான் என் நேரம். சாப்பிட்டதும் அம்மாவும் சுதாவும் காற்றாட உட்காருகிறோம் என்று பின்கட்டுக்குப் போய்விடுவார்கள். கதவையும் சாத்திக்கொள்வார்கள். நான் கை கழுவிக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்த டியூபை எடுப்பேன். காலையிலும் இரவிலும் போட வழியே கிடைக்கவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒரு வேளையாவது போடுகிறோமே என்று சாமுவின் மூக்கடியில் தடவுவேன். அவள் ஆடாமல் அசையாமல் நின்று, முடிந்ததும் கையை நீட்டுவாள். கடலை மிட்டாய் வைக்க வேண்டும். ரகசியத்துக்குக் கூலி.

நாளுக்கு நாள் பொருக்கு காய்ந்தது. புதுக் கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் தோல் பளபளவென்று ஆகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாலா அண்ணி குழந்தையைத் தூக்கிக் காட்டினார். மூக்கு, கன்னம், தொடை மடிப்பு என்று கண்ணாலேயே தேடினேன். ஒரு புள்ளி இல்லை. பால் ஏப்பம் விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளிக்கி ஆத்தாவ அனுப்பிடலாம்" என்றார் அம்மா.

நான் நேர்மையானவன். ஜெயித்த பிறகு உண்மையை மறைப்பது எனக்குப் பிடிக்காது. பாராட்டும் கொஞ்சம் வேண்டியிருந்தது. டியூபை எடுத்துக்கொண்டு போய் இருவர் முன்னாலும் வைத்தேன்.

"ரெண்டு பேரும் மன்னிக்கணும். இது அம்மையே இல்ல. பாக்டீரியா. பொன்னேரில டாக்டரப் பாத்தேன். தெனம் திருட்டுத்தனமா இதத்தான் போட்டேன்."

சுதா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து என் டியூபுக்குப் பக்கத்தில் இன்னொரு டியூபை வைத்தாள். அதே மருந்து. என்னுடையதை விட நன்றாகப் பிதுக்கியிருந்தது.

"இது எப்பிடி உன்னாண்ட?"

"வெள்ளிக்கெழமையே பழவேற்காட்டுல காட்டிட்டேன். நீங்க வேலைக்குப் போன அப்புறம்."

"சாமு! ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மா சொல்லக்கூடாதுன்னு குச்சி ஐஸ் வாங்கித் தந்துச்சி நைனா. நீ சொல்லக்கூடாதுன்னு பஞ்சுமிட்டாய் வாங்கித் தந்த."

"அப்ப ரெண்டு பேருமா போட்டோம்? புள்ளைக்கு டபுள் டோஸ் ஆயிருக்குமே!" பதறினேன்.

"ஆவல. மூணு வேளைதான் சொன்னாங்க. காலைல நானு. ராத்திரி நானு. மதியம் நீங்க."

"நான் போடறது தெரியுமா உனக்கு?"

"அன்னிக்கே அலமாரி பின்னால டியூபப் பாத்துட்டேன். நீங்க போடணும்னுதான தெனம் பின்கட்டுக்குப் போனோம். நீங்க முடிச்ச அப்புறம் வந்து மூஞ்சியப் பாத்துக்குவேன். ஒரு நாளும் மறக்கல. நல்லாத்தான் போட்டீங்க."

"அவ்ளோ நேரம் பின்கட்டுல இன்னா பண்ணீங்க?"

இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா சும்மா ஒரு தடவை வாயைத் துடைத்துக்கொண்டார். "மாலா செவுத்துக்கு மேலால கொஞ்சம் மடவக் கொழம்பு குடுத்துச்சிடா. வேணாம்னா அது மனசு கஷ்டப்படும்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். "சரி. தெருவ ஏமாத்த வேப்பிலை கட்டினீங்க. அது நல்ல யோசனதான்."

"தெருவ எதுக்கு ஏமாத்தணும்? தொத்துற புண்ணு, புள்ளைங்கள அனுப்பாதீங்கன்னு சொன்னேன். கேட்டுக்கினாங்க. பெரியசாமி மாமாகூட, நல்லா பயந்த மாதிரி நடந்தனாம்மான்னு கேட்டாரு."

"அப்ப வேப்பிலை யாருக்கு?"

சுதா என்னையே பார்த்தாள்.

"ரெண்டு வூட்டுக்கும் நடுவுல யாரு போயி வர்றதுன்னு டாக்டர் கேட்டாரு. சாமு மூக்கத் தொடச்ச துண்ட அப்பிடியே தோள்ல போட்டுக்கினு போய், தெனம் சாயங்காலம் மாலாக்கா புள்ளயத் தூக்கறது யாருங்க?"

வெறும் தோளைத் தடவிக்கொண்டேன். "எங்கிட்ட பாக்டீரியான்னு நேராச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

"கேட்டிருப்பீங்க. கேட்டுட்டு, போன்ல படிச்சிட்டு, தெரு முழுக்க வூடு வூடாப் போயி விளக்கியிருப்பீங்க. மொதல்ல மாலாக்கா வூட்டுக்கு. அந்தத் துண்டோட."



அம்மா வாசலுக்குப் போய் வேப்பிலைக் கொத்தை அவிழ்த்தார். "உடு சுதா. படிச்ச புள்ள. டாக்டர் சொன்னா எதுத்துக் கேள்வி கேக்கும். ஆத்தான்னாத்தான் அடங்கும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். "யாரு, நானா? நான் பட்டதாரி! எனக்கு ஆத்தாவும் கெடையாது, அம்மையும் கெடையாது, ஒரு பயமும் கெடையாது!" என்று முழங்கினேன்.

முழங்கி முடிப்பதற்குள் என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டன.