ஆள் இல்லாத ஒரு மலை

சாவதற்குள் ஒரு படமாவது ஆள் இல்லாமல் எடுத்துவிடுவது என்று என் ஐம்பத்துநான்காவது வயதில் சபதம் செய்தேன்.

பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஒரு மலை. அதற்கு முன்னால் திராட்சைப் பந்தல். குறுக்கே யாரும் வரக்கூடாது. அவ்வளவுதான். கம்பம் கிளை நூலகத்தில் முப்பது வருடமாக ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அதை மதித்தவன் நான் ஒருவன்தான். மலையாவது மதிக்குமா என்று பார்க்க நினைத்தேன்.

என்னிடம் இருப்பது பெரிய ஃபிலிம் கேமரா. மரப்பெட்டி, நடுவில் ஆர்மோனியம் போல மடிப்புத் துருத்தி, கீழே மூன்று கால், பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். உலகம் அதில் தலைகீழாகத் தெரியும். எனக்கு அது புதிதாக இல்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருடம் ஆகிறது.

ஒரு படத்துக்கு ஒரு ஃபிலிம், உள்ளங்கை அகலத்தில். வெளிநாட்டிலிருந்து பத்து வரவழைத்தேன். ஒன்பதை ஊர் தின்றுவிட்டது.

வைகை அணையில் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினால், துணிக்குள் இன்னொரு தலை.

“என்னண்ணே தெரியுது?”

“அணை.”

“தலைகீழால்ல இருக்கு?”

“அப்படித்தான் இருக்கும்.”

“ரிப்பேரா?”

வடுகபட்டியில் பூண்டு மூட்டைகளைப் படம் எடுக்கப் போனேன். ஆதார் அட்டைக்குப் படம் மாற்ற ஊரே வரிசை கட்டி நின்றுவிட்டது. நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் ஒருவர் இறங்கி வந்தார். “சரி, கைரேகையாவது எடுத்துக்கிருங்க.”

இப்படிக் கூட்டம் கூட என் முகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். முகம் முழுக்கத் துணிக்குள் இருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மிச்சம் ஒரே ஒரு ஃபிலிம். அதன்மேல் என் மனைவி உமாதேவிக்கும் கண்.

“ஏங்க, அந்த ஒண்ணுல நம்ம ரெண்டு பேரையும் எடுத்திரலாம்.”

“இது மனுசங்களுக்கான கேமரா இல்ல உமா.”

“பின்ன மாட்டுக்கா?”

“மலைக்கு.”

“மலை அங்கனயேதான நிக்குது? எங்கிட்டும் ஓடிறப் போகுதா? கல்யாணத்துக்கு அப்புறம் நாம சேந்து நிக்கிற படம் ஒண்ணு காட்டுங்க பாப்போம். எல்லாத்துலயும் நான் மட்டும் நிக்கிறேன், நீங்க கேமராவுக்குப் பின்னாடி. ஆல்பத்தப் பாக்குறவுக எனக்குப் புருசனே இல்லன்னு நெனைச்சுக்கிறாக.”

“இதுல அசையாம நிக்கணும். வாய் அசைஞ்சாக்கூடப் படம் கலங்கிரும்.”

“நிக்கிறேன்.”

“வாய்?”

அவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன். ஜெயித்தால் எனக்கு மனசு சரியில்லாமல் போய்விடும், பழக்கமில்லை. அந்த உறுத்தலில்தான் ஒரு யோசனை பிறந்தது. கூட்டத்தைப் பேச்சிலேயே கட்டிப்போட உமாவை விட்டால் யார்? கூட்டிப்போனால் சமாதானமும் ஆயிற்று, காவலும் ஆயிற்று.

“வெள்ளிக்கிழமை லைப்ரரி லீவு. விடிய காமயகவுண்டன்பட்டிக்குப் போறேன். நீயும் வா. ஆளுக வந்தா பேசித் தள்ளி நிறுத்தணும்.”

“சரி.”

உடனே ‘சரி’. இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. “எத்தன மணிக்கு? எந்தத் தோட்டம்? கேமரா எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?” என்றுவேறு கேட்டாள். கலையில் ஆர்வம் வந்துவிட்டது என்று பூரித்து, தாளில் வரைபடமே போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணி. மேற்கு மலையின் நெற்றியில் முதல் வெயில். பந்தல் இலையெல்லாம் பனி. வண்டிப்பாதையில் ஈ காக்கா இல்லை. கேமராவை நிறுத்தித் துணிக்குள் தலையை விட்டேன். தலைகீழாக மலை. தலைகீழாகப் பந்தல். ஆள் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துணியை விலக்கி வெளியே வந்தேன். பதினைந்து பேர் நின்றார்கள்.

“என்ன சார் அளக்குறீக?” என்றார் முன்னால் நின்ற மீசைக்காரர். பெயர் சுருளிவேல், தோட்டம் அவருடையது.

“அளக்கலைங்க. போட்டோ.”

“பக்கத்து ஊர்ல ரோட்டுக்கு அளக்க வந்தவுகளும் இதே மாதிரி மூணு கால் மிஷினத்தான் வச்சாக. கேட்டா, சும்மா பாக்குறோம்னாக. ரோடு எந்தப் பக்கமாப் போகுது?”

“எந்த ரோடும் போகல.”

“அப்ப ரயிலா?”

“ஐயா, இது மலையப் படம் எடுக்குற கேமரா.”

“மலையக் கொடஞ்சா போகுது?”

அவர் மனைவி ராமுத்தாய் கன்னத்தில் கை வைத்தார். “ஆத்தாடி! பந்தல் போட்டு மூணு வருசந்தான ஆச்சு!”

சுருளிவேல் கேமராவின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். “வி.ஏ.ஓ. வரட்டும். அதுவரைக்கும் மிஷின் இங்கனதான் நிக்கும்.”

வெயில் மலையில் இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கால் மணி நேரம் போனால் அந்த வெளிச்சம் இல்லை. “உமா!” என்று கத்தினேன்.

காவலுக்கு நிறுத்திய உமா கூட்டத்தின் நடுவிலிருந்து வந்தாள்.

“நீயாவது சொல்லேன்!”

அவள் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “என்னத்தச் சொல்ல? எனக்கும் ரோடு மிஷின் மாதிரித்தான் தெரியுது.”

“உமா!”

“கோவப்படாதீக. அண்ணே, ஒண்ணு செய்வோம். அளக்குற ஆளு மிஷினுக்குப் பின்னாடிதான நிப்பாரு? இவர முன்னாடி வரச் சொல்லுங்க. எங்க எல்லாரோடயும் சேந்து நிக்கட்டும். நீங்க அமுக்குங்க. நின்னாருன்னா கேமரா. நிக்கலேன்னா வி.ஏ.ஓ.”

“நாயமாத்தான் இருக்கு,” என்றார் சுருளிவேல்.

இருப்பது ஒரே ஃபிலிம். கேமராவைக் காப்பாற்றினால் மலை போகும். மலையைப் பார்த்தால் கேமரா போகும். ஆபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். ஃபிலிம் ஒரு சட்டத்துக்குள் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு கறுப்புத் தகடு. தகட்டை உருவாமல் அமுக்கினால் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். படம் விழாது. கூட்டம் கலைந்ததும் அதே ஃபிலிமில் மலையை எடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

தாராளமாகச் சம்மதித்தேன். எல்லோரையும் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினேன். துணிக்குள் போய்த் தலைகீழ் மனிதர்களைத் தெளிவாக்கினேன். சட்டத்தைச் செருகினேன். அமுக்கும் கம்பியைச் சுருளிவேல் கையில் கொடுத்தேன். அப்பாவி முகத்தோடு போய் உமா பக்கத்தில் நின்றேன்.

“ஏங்க,” என்றாள், உதடு அசையாமல்.

“என்ன?”

“தகட்ட உருவல.”

இரண்டு வருடமாக நான் வீட்டில் இந்தக் கேமராவோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்வாள். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறேன். பார்க்காமலேயே எவ்வளவு பார்த்திருக்கிறாள்!

போனேன். உருவினேன். வந்து நின்றேன். சுருளிவேல் கிணற்று மோட்டாரைப் போடுவதுபோல ஓர் அமுக்கு அமுக்கினார்.

மலை போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை குளியலறைக் கதவிடுக்கில் துணியை அடைத்துக்கொண்டு ஃபிலிமைக் கழுவினேன். படம் விழுந்திருந்தது. நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம். அது ஒரு தனி வேதனை. பெரிதாக அச்சுப் போட்டு வந்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

உமா கல்யாணப் பட்டில் இருந்தாள். அன்றைக்குக் காலையில் நான் மலையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, சரி. ஆனால் ராமுத்தாய் கழுத்தில் காசுமாலை. ஆண்கள் எல்லோரும் சலவை வேட்டி. ஒருவர் கைக்கடிகாரம் தெரியும்படி கையைத் தூக்கி வைத்திருந்தார். இவர்கள் களை எடுக்க வந்தவர்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன். நடுவில் நான். தலைமுடி துணிக்குள் புரண்டு குத்திட்டு நின்றது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போயிருந்தது.

“உமா.”

“ம்.”

“இந்த ராமுத்தாய உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எங்கூடப் படிச்சவ.”

“அந்த ரோடு?”

“நாந்தான் சொல்லச் சொன்னேன். ரயிலு அவ வீட்டுக்காரரு தானாச் சேத்துக்கிட்டது.”

அவள் படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எல்லாரும் எம்புட்டு லட்சணமா இருக்காக! நீங்க மட்டுந்தான் சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னாப்புல இருக்கீக.”