ஒரு மோட்டாருக்கு இரண்டு விலை

1931ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினோராம் தேதி, பொள்ளாச்சியில் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு விற்ற மோட்டார் வண்டி, சித்தூரில் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு விற்றது. அதே கம்பெனி, அதே கறுப்பு நிறம், அதே நான்கு சக்கரங்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு காளை வண்டி ஒரு பகலில் கடக்கும் தூரமே இருந்தது. பொள்ளாச்சி ஆங்கிலேயர் சீமையில் இருந்தது. சித்தூர் கொச்சி மகாராஜாவின் சீமையில் இருந்தது. வேறு காரணம் எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை. இஃது அநியாயம் என்று முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவர் முதலமடை மாந்தோப்பு நல்லதம்பி.

சொன்ன இடம் பொள்ளாச்சியில் கபிரியேலின் மோட்டார்க் கடை. ஆண்டுதோறும் பருவத்தின் முதற்பழத்தை இரண்டு கூடைகளில் கபிரியேலுக்குத் தாமே கொண்டுவந்து விற்பது நல்லதம்பியின் வழக்கம். அன்றும் கூடைகளை இறக்கி, காசை வாங்கி மடியில் முடிந்துகொண்ட பிறகே பேச்சைத் தொடங்கினார்.

“ஏனுங்க கபிரியேலு, சித்தூர் வண்டிக்கு ஒரு சக்கரம் கொறைச்சலுங்களா?”

“நாலுதானுங்க.”

“இங்கத்த வண்டி, ஆள் ஓட்டாமயே ஓடுமுங்களா?”

“ஓட்டணுமுங்க.”

“அப்பறம் முந்நூறு ரூவா எதுக்குங்க?”

கபிரியேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். “கப்பல் வந்து நிக்கற துறைமுகம் வேறைங்க. ரயில் கூலி வேறைங்க. சர்க்காரு வேறைங்க. நாடு மாறுனா வெலை மாறுமுங்க. நம்ம கையில என்னங்க இருக்குது?” என்று சொல்லிவிட்டுக் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

மோட்டார் வாங்காமல் இருந்துவிடும் நிலையில் நல்லதம்பி இல்லை. ஆனைமலையில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை மருதாத்தாளின் ஒரே மகளுக்குச் சித்திரை இருபதாம் தேதி கல்யாணம். சென்ற ஆண்டு மருதாத்தாளின் ஓரகத்தி சுருளியம்மாள் தன் மகளை வாடகை மோட்டாரில் கோயிலுக்கு அனுப்பினாள். அனுப்பியதோடு நிற்கவில்லை. “உங்கண்ணன் மாட்டு வண்டியிலதான் சீர் கொண்டாருவாரு, பாரு” என்று பந்தியில் வைத்துச் சொன்னாள். அதைக் கேட்ட நல்லதம்பி, “பொண்ணு என்ற சொந்த மோட்டார்லதான் கோயிலுக்குப் போகும்” என்று அதே பந்தியில் எழுந்து நின்று அறிவித்துவிட்டார். மருதாத்தாள் அதை ஆனைமலை முழுவதும் சொல்லி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. இனி அந்தச் சொல் தவறினால் தங்கை ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

எனவே சித்தூரில் வாங்கினார். கடையில் இருந்த குமாஸ்தா மறுபேச்சின்றி இரண்டாயிரத்து முந்நூறை எண்ணிக்கொண்டார். வண்டி ஓட்டுவதை நல்லதம்பி தம் தோப்பிலேயே பத்து நாளில் பழகினார். நிறுத்த வேண்டிய இடத்தில் காளைக்குச் சொல்வதுபோல் “ஓ, ஓ” என்று சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் இரண்டு மாமரங்கள் காயமுற்றன.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில்தான் அடுத்த செய்தி தெரிந்தது. கொச்சிச் சீமையில் பதிந்த மோட்டார் ஆங்கிலேயர் சீமைக்குள் நுழைய வேண்டுமானால் சாலைச் சாவடியில் எழுபது ரூபாய் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும்.

“முந்நூறு மிச்சம் புடிச்சவன் எழுபதைக் கொண்டுபோய்க் கொட்டறதா?” என்றார் நல்லதம்பி.

அவருடைய தோப்பின் கிழக்கு எல்லையில் ஒரு வாய்க்கால் ஓடியது. இக்கரை கொச்சி, அக்கரை ஆங்கிலேயர். அக்கரையிலிருந்து ஆனைமலை ஆறு மைல். கோடையில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வேலியில் நான்கு முழம் பிரித்தால் போதும்.

சித்திரை இருபதாம் தேதி விடிந்ததும் பதினொரு தட்டுச் சீரை மோட்டாரில் ஏற்றித் தேங்காய் உடைத்துப் புறப்பட்டார். முகூர்த்தம் பத்தரை மணிக்கு. முன்சக்கரங்கள் இரண்டும் வாய்க்காலைத் தாண்டி அக்கரை ஏறின. அந்த இடத்தில் அவர் அச்சத்தில் “ஓ, ஓ” என்றார். வண்டி அதன்பொருட்டு நிற்கவில்லை; வயிறு வரப்பில் தட்டியதால் நின்றது. முன்சக்கரங்கள் ஆங்கிலேயர் சீமையிலும், பின்சக்கரங்கள் கொச்சியிலும் இருந்தன.

சாவடிகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஒருவரும் கூப்பிடாமலே இரண்டு குமாஸ்தாக்களும் வந்து சேர்ந்தார்கள். கொச்சிச் சாவடிக் குமாஸ்தா கல்பாத்தி வெங்கிடாசலம் குடையை மடக்கிப் பின்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார்.

“எங்க எல்லையில ரெண்டு சக்கரம் இருக்கு. பின்னால இழுத்தேள்னா ஒரு காசு வேண்டாம். முன்னால போனேள்னா, நாட்டை விட்டுக் கொண்டுபோறதுக்கு முப்பது ரூபாயாக்கும்.”

ஆங்கிலேயர் சாவடிக் குமாஸ்தா பெரியமுத்து முன்பக்கத்தைச் சுற்றி வந்தார். “சாலையில வந்திருந்தா எழுபதுங்க. வேலியப் பிரிச்சு வந்ததுனால எரநூறுங்க.”

“பாதி வண்டிதானுங்களே வந்திருக்குது?”

“இஞ்சின் இருக்கற பாதிங்க.”

வெங்கிடாசலம் இரக்கப்பட்டார். “நான் சொல்றதைக் கேளுங்கோ. பின்னால இழுத்துண்டு ஆத்துக்குப் போங்கோ. வேற வண்டியில போலாம்.”

“சீர் ஏத்துன வண்டி பின்னுக்குப் போகக் கூடாதுங்க சாமி.”

“அப்போ சீரை இறக்கி வெச்சுட்டு இழுங்கோ.”

“ஏத்துன சீரைப் பொண்ணு ஊட்லதானுங்க எறக்கணும். நடுவுல எறக்குனா அந்தப் பொண்ணு நல்லா இருக்குமுங்களா?”

இரண்டு சர்க்கார்களும் ரசீதுப் புத்தகத்தை விரித்தன. நல்லதம்பி முப்பதும் இருநூறும் எண்ணிக் கொடுத்தார். இரண்டு ரசீதுகளும் வந்தன. வண்டி வரவில்லை. இஞ்சினின் அடியில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. தம் கொட்டிலிலிருந்து காளைகளை ஓட்டிவரச் சொன்னார்.

பெரியமுத்து கையை நீட்டித் தடுத்தார். “அந்தச் சீமை மாடு இங்க வரக் கூடாதுங்க. கோமாரிச் சீக்குக்காகத் தடை போட்டிருக்குது.”

“இந்தச் சீமை மாட்டுக்கு நான் எங்கீங்க போவேன்?”

“என்ற மச்சாங்கிட்ட ஒரு சோடி இருக்குதுங்க. இருவது ரூவா.”

பெரியமுத்துவின் மச்சானுடைய காளைகள் மோட்டாரை வரப்பிலிருந்து மீட்டன. இஞ்சின் உறுமவில்லை. ஆதலால் அவையே ஆனைமலை வரையிலும் இழுத்தன. நல்லதம்பி உள்ளே அமர்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் ஊதுகுழலை மட்டும் அழுத்திக்கொண்டு வந்தார்.

மணி பத்தாகியிருந்தது. மருதாத்தாள் ஆரத்தித் தட்டுடன் வாசலில் நின்றாள். அவள் பக்கத்தில் சுருளியம்மாள் நின்றாள்.

“மாட்டு வண்டியிலதான் வருவாருன்னு சொன்னேன்,” என்றாள் சுருளியம்மாள்.

மருதாத்தாள் ஆரத்தியை மூன்று சுற்றுச் சுற்றிக் காளைகளின் காலடியில் ஊற்றினாள். “எங்கண்ணன் சொந்த மோட்டார்ல வந்திருக்குது. முன்னால மாடு போறதுக்கு அது என்ன பண்ணும்?” என்றாள். பிறகு மகளை வண்டியில் ஏற்றினாள். பெண் மோட்டாரிலேயே கோயிலுக்குப் போனாள். காளைகளுக்கும் மாலை போட்டிருந்ததால், அவையும் கல்யாண ஏற்பாட்டைச் சேர்ந்தவை என்றே வெளியூரார் எண்ணிக்கொண்டார்கள். சொல் தவறவில்லை. தாலி நேரத்துக்கு ஏறியது.

பந்தியில் நல்லதம்பிக்கு அடுத்த இலையில் கபிரியேல் உட்கார்ந்திருந்தார். பழைய பழக்கத்துக்காக அழைக்கப்பட்டவர். பந்திக்கு முன்பே வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, அதைச் சரிசெய்ய அறுபது ரூபாய் ஆகும் என்று சொல்லியிருந்தார். நல்லதம்பி சோற்றைப் பிசையாமல் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து. பொள்ளாச்சி விலையைவிடப் பத்து ரூபாய் கூடுதல்.

“கபிரியேலு,” என்றார் தணிந்த குரலில். “ஒரே வண்டிக்கு ரெண்டு வெலை வெச்சானே ஒருத்தன், அவன் எந்த நாட்டுல இருந்தாலுஞ் செரி. அவன் மொகத்தைப் பாத்து ஏண்டான்னு ஒரு வார்த்தை கேக்காம வுடமாட்டனுங்க.”

கபிரியேல் இலையிலிருந்த மாம்பழத் துண்டை மென்று விழுங்கினார்.

“நாந்தானுங்க. சித்தூர்க் கடையும் என்னுதுதானுங்க. துறைமுகமும் ஒண்ணுதான், ரயில் கூலியும் ஒண்ணுதான். ஒரே மரத்துப் பழத்தைச் சித்தூர்க் கடையில என்ற குமாஸ்தாவுக்கு நூறு நாலு ரூவான்னும், பொள்ளாச்சியில எனக்கு ஏழு ரூவான்னும் குடுக்கறீங்களே, ஏனுங்கன்னு போன வருசம் கேட்டனுங்க. ‘நாடு மாறுனா வெலை மாறுமுங்க’ன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க.”

இதைப் படிப்பவரே, முதலமடை நல்லதம்பி தோப்புப் பழம் நூறு உம் ஊரில் என்ன விலைக்கு விற்கிறது என்பதை ஓர் அஞ்சலட்டையில் பிழையின்றி எழுதி உடனே அனுப்பும். பாலக்காட்டில் அவர் எட்டு ரூபாய் வாங்கினார்.