எதிர்மரை போல்ட்டு

பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரிந்த ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்பது என் முடிவு. பிறந்திருந்தாலும் அது நான் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சீமையிலிருந்து கப்பலில் வந்த லேத்து. கூரையடியில் ஓடும் தண்டிலிருந்து தோல் பெல்ட்டு இறங்கி அதைச் சுற்றவைக்கும். (அதை நானே வார்த்து எடுத்தது போலத்தான் ஊருக்குள் நடப்பேன்.) ஒருநாள் எருமப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் முறிந்த போல்ட்டு ஒன்றோடு வந்தார். அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். போல்ட்டு சாக்கில் மாப்பிள்ளையை நோட்டம் பார்க்க வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

"கரும்பு பிழியற ஆலையோட போல்ட்டுங்க தம்பி. வெட்டிப் போட்ட கரும்பு காயுது. நட்டு ஊட்டுல இருக்குது, இது மட்டும் போதும்" என்றவர், லேத்தைப் பார்த்து, "ஏனுங்க, நடுவுல பள்ளமா இருக்குது?" என்றார்.

போதாதா எனக்கு!

"பெரிய சக்கரத்த மாட்டினா தட்டாமச் சுத்தறதுக்குங்க. இந்த நீளத் திருகுதண்டுதான் உளியச் சீரா நகர்த்தி மரை வெட்டும். ஓரத்துல இருக்கற பல்சக்கரத்த மாத்தினா எந்த மரை வேணும்னாலும் வெட்டலாமுங்க."

மாட்டியும் காட்டினேன். அந்தப் பல்சக்கர வரிசையில் நடுவே ஒன்று போதும். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டுமே என்று இரண்டு மாட்டினேன். ஒன்று அதிகமானால் திருகுதண்டு எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது பட்டறையில் முதல் மாதப் பாடம். இடப்பக்கம் போகவேண்டிய உளி வலப்பக்கம் ஓடியது. நிறுத்தினால் மானம் போகும். இதுதான் புதுமுறை என்பது போலத் தலையாட்டிக்கொண்டே வெட்டி முடித்தேன்.

"வேலைன்னா இது வேலைங்க" என்றார் பெரியவர்.

"நாளைக்கு நானே கொண்டாந்து மாட்டித் தாரேனுங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். (பெண்ணைப் பார்க்கலாம் அல்லவா!)

மறுநாள் ஆலையைச் சுற்றிப் பத்துப் பேர். நட்டு ஏறுவேனா என்றது. "நட்டு தேஞ்சுபோச்சுங்க" என்று பழியை அதன் தலையில் போட்டேன்.

அந்தப் பெண் முறிந்த போல்ட்டையும் புதியதையும் எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குதுங்க. ஒன்னோட மரை இந்தப் பக்கம் சாயுது, இன்னொன்னு அந்தப் பக்கம்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"காயற கரும்புக்கு என்னங்க பதிலு? உங்கள நம்பியா எம் புள்ளயக் குடுக்க இருந்தேன்?"

சம்பந்தம் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: "நட்டையும் இதே மாதிரிக் கோணலா வெட்டியாரச் சொல்லுங்கப்பா. சேந்துக்கும்."

சைக்கிளில் பறந்தேன். லேத்தில் பல்சக்கரங்கள் தப்பாக மாட்டியபடியே இருந்தன (நல்லவேளை!). சாயங்காலம் ஆலை ஓடியது. வைகாசியில் கல்யாணம். அந்த ஆலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவனும் இறுக்குகிறேன் என்று நட்டைக் கழற்றிவிட்டு என்னைத் திட்டினான்.

இப்போது நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினால், "அப்புச்சிக்கு மரை கழண்டுபோச்சு" என்று மகள் வயிற்றுப் பேத்தி சிரிக்கிறாள். சமையல்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுக்கிறாள்:

"கழண்டெல்லாம் போவல சாமி. உங்க அப்புச்சிக்கு மரையே எதிர்ப்பக்கம். நான்தான் அதுக்குத் தக்கன நட்டு."